அருளப்பர் நெருப்பை நான் மூன்று முறை தாண்டிய விவரம்

மிராகாயா, போர்ட்டோ
ஜூன் 26, அருளப்பர் திருநாள் கழிந்த இரண்டாம் நாள்

பாசத்திலும் கோபத்திலும் குறை வைக்காத அக்கா டெல்ஃபினாவுக்கு,

உன் தம்பி அடெலினோ எழுதிக்கொண்டது. இங்கே என் வலது முழங்காலைத் தவிர மற்ற அனைவரும் நலம். அங்கே கடலுக்கு அப்பால் காருவாருவில் நீயும், உன் கிளியும், மாடியில் குடியிருக்கும் ஆசிரியையும் நலமாக இருக்க வேண்டும் என்று அந்தோணியார், அருளப்பர், இராயப்பர் மூன்று புனிதர்களிடமும், ஒருவர் மனமும் கோணாதபடி தனித்தனியாக வேண்டிக்கொண்டேன். மூன்று நாளில் உன்னைப் பதினொரு முறை தொலைபேசியில் கூப்பிட்டுவிட்டேன். நீ எடுக்கவில்லை. அதனால்தான் கடிதம். கடிதத்தை நீ கிழித்தாலும் கிழிப்பதற்கு முன் ஒரு முறை படித்துவிடுவாய் என்கிற அளவுக்கு உன்னை எனக்குத் தெரியும்.

நீ அனுப்பிய படம் கிடைத்தது. உன் வீட்டு வாசலில் அழகாக அடுக்கிய விறகு, பற்ற வைக்காமல். அதற்குக் கீழே, "இராயப்பருக்கு நானே கொளுத்திக்கிறேன். நீ உன் முழங்காலைப் பாத்துக்கோ" என்று ஒரே வரி. நாற்பத்து நான்கு வருடம் அந்த ஊரில் இருந்தும் நம் அம்மா திட்டுகிற அளவுக்கு மேல் ஒரு சொல் கூடுதலாகத் திட்ட உனக்கு வரவில்லை. ஜெனிவால் அத்தான் இறந்துபோன வருடம் துக்க வீடு என்று அருளப்பருக்கு நெருப்பு மூட்டவில்லை. இந்த வருடம் மூட்ட வேண்டும், அதை வீட்டு ஆண்பிள்ளை ஒருவன் கையால் மூட்ட வேண்டும் என்று மே மாதமே நீ என்னைக் கூப்பிட்டாய். நான் மறக்கவில்லை. "அடெலினோ, வந்து ஒரே ஒரு தீக்குச்சி கிழிச்சிட்டுப் போடா, அவ்வளவுதான் உன் வேலை"ன்னு சொன்னாய். நான் முழங்கால் என்றேன். "எந்த முழங்கால்?" என்றாய். வலது என்றேன். "அத்தான் செத்தப்ப இடதுன்னியே?" என்றாய். அக்கா, வலி என்பது ஓரிடத்தில் நிற்கிற சாமான் இல்லை. டிராம் ஓட்டுநராக முப்பத்து நான்கு வருடம் பிரேக்கை மிதித்தவனுக்கு எந்தக் காலில் எப்போது வரும் என்று மருத்துவருக்கே தெரியாது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அருளப்பருக்கு முந்தைய நாள் மாலை, உங்கள் நேரம் நான்கு மணிக்கு, வெளிநாட்டில் இருப்பவர்களுக்காக ஒளிபரப்பாகும் நம் ஊர் அலைவரிசையில் எழுபத்தொரு வயதுக்காரர் ஒருவர் நெருப்பைத் தாண்டுவதை நீ பார்த்திருக்கிறாய். அது நான்தான். நீ அனுப்பிய மஞ்சள் கட்டம் போட்ட சட்டை அணிந்திருந்ததால் வேறு ஆள் என்று சொல்லவும் வழியில்லை. ஆனால் தொலைக்காட்சி என்ன காட்டுகிறது என்பதை மட்டும் வைத்து ஒருவனை முடிவு கட்டக் கூடாது. எதைக் காட்டவில்லை என்பதையும் கேட்க வேண்டும். அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

உனக்குத் தெரியும், லிஸ்பன்காரர்களுக்கு அந்தோணியார்தான் எல்லாம். அவர் திருநாளுக்கு முந்தைய மாலை அவர்கள் பேட்டை பேட்டையாக ஆடிக்கொண்டு போவதைத் தொலைக்காட்சியில் ஐந்து மணி நேரம் காட்டுவார்கள். எந்தப் பேட்டைப் பெண் எந்தப் பேட்டைப் பையனைப் பார்த்தாள் என்பது வரைக்கும் விளக்கம் உண்டு. நம் அருளப்பருக்கு என்றால் ஆற்றின் மேல் வாணவேடிக்கை, பாலத்தின் மேல் கூட்டம், அதோடு சரி. இந்த வருடம் யாருக்கோ மனசாட்சி உறுத்தியிருக்கிறது. இரவு எட்டு மணிச் செய்திக்கு நடுவே நம் தெருவிலிருந்து பன்னிரண்டு நிமிட நேரலை என்று ஒரு வண்டி நிறையக் கம்பியும் விளக்குமாக வந்து இறங்கினார்கள். நிருபர் பெயர் பெனெடிட்டா. நல்ல பெண்தான், லிஸ்பன் பெண் என்பதைத் தவிர ஒரு குறையும் இல்லை. வந்ததும் முதல் காரியமாக, எட்டு மணிக்கே நெருப்பை மூட்ட வேண்டும் என்றாள். ஜூன் மாதம் நம் ஊரில் எட்டு மணிக்கு வெயில் எப்படி இருக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த வீட்டு எர்மெலிண்டா மத்தி மீனை அடுப்பில் புரட்டிக்கொண்டே கேட்டாள்:

"வெயில்ல யாராச்சும் நெருப்பு மூட்டுவாங்களாம்மா? அருளப்பரே கண்ணு கூசி உள்ள போயிருவாரு."

"இருட்டினப்புறம் எங்களுக்கு நேரம் கிடையாதும்மா. எட்டரைக்குக் கால்பந்து."

"அப்ப அருளப்பரை அடுத்த வருஷம் மத்தியானம் வரச் சொல்லிரு. சாப்பாட்டு நேரத்துல வேற வேலை இருக்காது."

இப்படிப் பேசிக்கொண்டே எர்மெலிண்டாதான் முதல் ஆளாகப் போய் நெருப்பையும் மூட்டினாள், முடியையும் வாரிக்கொண்டு வந்தாள். தெருவே புதுச்சட்டை மாட்டிக்கொண்டு இறங்கியது. நான் இறங்குவதாகவே இல்லை. முழங்காலைக் கருதி மூன்றாம் மாடிச் சன்னலில் இருந்தே பார்ப்பதாக இருந்தேன். ஆனால் அன்றைக்குக் காலையில் வாங்கிய திருநீற்றுப்பச்சைத் தொட்டி கீழே எர்மெலிண்டாவின் மேசையில் இருந்தது. அதை மேலே கொண்டுவரத்தான் இறங்கினேன். இதை நீ நம்ப வேண்டும். அந்தத் தொட்டி உன்னுடையது. நீ ஊரைவிட்டுப் போன வருடத்திலிருந்து அருளப்பருக்கு அருளப்பர் உன் பெயரில் ஒரு தொட்டி வாங்கிச் சன்னலில் வைக்கிறேன். இத்தனை வருடமாக உன்னிடம் சொன்னதில்லை, ஏனென்றால் ஒன்றுகூட ஆகஸ்ட் வரை தாங்கியதில்லை.

நான் தொட்டியை எடுத்த நேரம் பார்த்து பெனெடிட்டா ஒலிவாங்கியோடு குறுக்கே வந்து நின்றாள். "இங்க ஒரு பெரியவர் தொட்டியோட நிக்கறாரு" என்று நாட்டு மக்களுக்கு அறிவித்தாள். வயது கேட்டாள், சொன்னேன். இந்த வயதிலும் இப்படி இருக்க என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டாள். மத்தி என்றேன். அதுவரை எல்லாம் மரியாதையாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பிறகு தொட்டியில் குத்தியிருந்த காகிதக் கொடியைத் திருப்பி, அதில் அச்சடித்திருந்த காதல் பாட்டை உரக்கப் படித்துவிட்டாள். எந்தப் பாட்டு வருகிறது என்று பார்த்தா நான் வாங்குகிறேன்? அது,

"அருளப்பா, அருளப்பா, அடுத்த வீட்டைப் பாருமே,
அங்கிருக்கும் ராசாத்தி ஆசை வைக்கக் கூறுமே"

என்று இருந்தது. அடுத்த வீட்டில், அதாவது என் வலது கைக்கு அரை முழத்தில், எர்மெலிண்டா இடுக்கியோடு நின்றுகொண்டு, வாரிய தலையோடு சிரிக்கிறாள். தெரு முழுக்க ஊளை. அருளப்பர் இரவு வழக்கப்படி பிளாஸ்டிக் சுத்தியலால் ஆளுக்கு ஒரு கீச்சு என் தலையில். "சொல்லுங்க ஐயா, இந்தத் தொட்டி யாருக்கு?" என்று பெனெடிட்டா கேட்கிறாள். அக்காவுக்கு என்று சொன்னால் முடிந்திருக்கும். ஆனால் அடுத்த வீட்டுக்காரிக்கு இல்லை என்பதை உடனே நாட்டுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது ஒன்றுதான் தோன்றியது. "யாருக்கும் இல்லம்மா" என்றேன். "வீட்டுல யாரும் இல்லையா?" என்றாள். "எனக்குன்னு யாரும் கிடையாது. தனிக்கட்டை. ஒரு கவலையும் இல்ல" என்றேன்.

அக்கா, நீ தொலைபேசியை எடுக்காமல் இருப்பது நான் தாண்டியதற்காக இல்லை, இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் என்று எனக்குத் தெரியும். தாண்டியதற்கு மட்டும் என்றால் நீ கூப்பிட்டு அரை மணி நேரம் கத்தியிருப்பாய், பிறகு என்ன சமைத்தாய் என்று கேட்டிருப்பாய். அந்த வாக்கியத்துக்கு என்னிடம் சமாதானம் இல்லை. அது வாயிலிருந்து வந்த வேகத்தைப் பார்த்து நானே பயந்துவிட்டேன். ஆனாலும் நடந்ததை முழுவதும் சொல்லிவிடுகிறேன்.

நான் அப்படிச் சொன்னதும் பெனெடிட்டாவின் முகம் வாடிப்போயிற்று. அந்தப் பேட்டியை எப்படியாவது சந்தோஷமாக முடிக்க வேண்டும் என்று நினைத்தவள், "அடடா, என்ன வாசனை!" என்று சொல்லிக்கொண்டே தொட்டிக்குள் மூக்கை நுழைத்துவிட்டாள். நேரடியாக! செடிக்குள்! நம் ஊரில் மூன்று வயதுக் குழந்தைகூடச் செய்யாது. உள்ளங்கையால் செடியைத் தடவி, கையைத்தான் முகர வேண்டும். மூக்குப் பட்டால் செடி செத்துப்போகும். "மூக்கை எடு! மூக்கை எடு!" என்று தெருவே அலறியது. அதற்கு மேல் சிலர் சொன்னது கடிதத்தில் எழுதக்கூடியது அல்ல, தொலைக்காட்சியில் சொல்லக்கூடியதும் அல்ல. லிஸ்பனில் இருந்தவர்கள் சட்டென்று விளம்பரத்துக்குப் போய்விட்டார்கள். நான் செடியைப் பிடுங்கிக்கொண்டு பின்வாங்கினேன். அவள், இதுவும் திருவிழாவில் ஒரு விளையாட்டு என்று நினைத்து, சிரித்துக்கொண்டே மூக்கோடு பின்னாலேயே வருகிறாள். இடது பக்கம் மத்தி அடுப்பு, வலது பக்கம் அவர்களுடைய கம்பிச் சுருள், பின்னால் நெருப்பு. உன் செடியைக் காப்பாற்ற எனக்கு வேறு வழி இல்லாமல் போயிற்று. நான் திரும்பித் தாண்டினேன். அது முதல் தாண்டல். அது எந்த நாட்டிலும் ஒளிபரப்பாகவில்லை. அந்த நேரம் நீங்கள் எல்லோரும் சலவைத்தூள் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

விளம்பரம் முடிந்ததும் ஒளிப்பதிவுக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஐயா, ஐயா, அதே மாதிரி இன்னொரு வாட்டி, தொட்டியோட" என்று கெஞ்சினார். வயிற்றுப் பிழைப்புக்கு வந்தவர் முகத்தைப் பார்த்து முடியாது என்று எப்படிச் சொல்வது? தாண்டினேன். சரியாக நான் காற்றில் இருக்கும்போது மீனைக் காட்டச் சொல்லி லிஸ்பனிலிருந்து உத்தரவு வந்து, கருவியை அடுப்புப் பக்கம் திருப்பிவிட்டார்களாம். நீயும் நானும் சின்ன வயதிலிருந்து பார்த்த மத்தியைத்தான் அந்த நேரம் நாடே பார்த்திருக்கிறது. இத்தோடு போதும் என்று நான் மாடிப்படியைப் பார்த்து நடந்தேன், நொண்டிக்கொண்டுதான் நடந்தேன். அப்போது எர்மெலிண்டா வாயைத் திறந்தாள்.

"விடுங்கப்பா, பாவம். டிராம்காரருக்கு முழங்கால் சரியில்ல. கூடப் பொறந்தவ கூப்பிட்டும் போகாத முழங்கால் அது. பத்திரமா மேல கொண்டு போய் வைக்கட்டும்."

ஊரே கேட்க அப்படிச் சொன்னால் மனுஷனுக்கு ரோஷம் வராதா? மூன்றாவது தாண்டல் அதுதான். அதைத்தான் நீ பார்த்தாய். பிறகு அதையே மெதுவாக ஓட்டி, பின்னால் பாட்டுப் போட்டுக் காட்டினார்கள் என்று சொன்னார்கள். அது நாலாவது இல்லை, அதே மூன்றாவதுதான், கணக்கில் சேர்த்துவிடாதே. செடி இப்போது சன்னலில் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. மூன்று தடவை நெருப்பில் காட்டினால் எந்தச் செடி நிமிரும் என்கிறாள் எர்மெலிண்டா. மூக்குதான் காரணம் என்பது என் கட்சி.

நீ என் திருவிழாவைப் பார்த்தாய் என்றால் நானும் உன்னுடையதைப் பார்ப்பதுதானே நியாயம். எர்மெலிண்டாவின் மருமகன் காஸ்பார் உங்கள் ஊர் அலைவரிசைகளைக் கணினியில் தேடிப் பிடிப்பதில் கெட்டிக்காரன். இரண்டு மத்தியானம் அவன் வீட்டில் உட்கார்ந்து, அருளப்பர் இரவில் அங்கே ஒளிபரப்பானதை விடாமல் பார்த்தேன். பாரபட்சம் இல்லாமல் சொல்கிறேன். உங்களுக்கு ஜூன் குளிர்காலம் என்கிறார்கள், தொகுப்பாளர் கம்பளிச் சட்டைக்கு மேல் கம்பளி போட்டுக்கொண்டு நடுங்குகிறார், பக்கத்திலேயே திரையில் இருபத்திரண்டு டிகிரி என்று எழுதியிருக்கிறது. நம் ஊரில் அந்த வெயிலுக்குக் கடலில் இறங்குவார்கள். தலையில் ஓலைத்தொப்பி, விலை உயர்ந்த சட்டையில் வேண்டுமென்றே தைத்த ஒட்டு, கரியால் வரைந்த மீசை. எங்கள் தொகுப்பாளர் மீசை வரைந்துகொள்ளவில்லை, ஆனால் நகராட்சித் தலைவர் மண்டையில் சுத்தியலால் தட்டுவதற்கு முன் "தட்டலாமாங்க?" என்று அனுமதி கேட்டார். அனுமதி கேட்டுத் தட்டுகிறவனுக்கு அருளப்பர் இரவில் என்ன வேலை? இந்த விஷயத்தில் உங்கள் மீசைக்காரர் பரவாயில்லை.

காருவாரு உலகத்திலேயே பெரிய அருளப்பர் திருவிழா என்று அவர் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை சொல்கிறார். காஸ்பார் பொத்தானை அழுத்தினால் பக்கத்து மாநிலத்துக் கம்பீனா கிராந்தியில் இன்னொருவர், அதே மாதிரித் தொப்பியோடு, தங்களுடையதுதான் உலகத்திலேயே பெரியது என்கிறார். இருவரும் அடித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். சாப்பாட்டு விஷயத்தில் இரண்டு நாட்டுத் தொலைக்காட்சியும் ஒன்றுதான்: எங்கள் ஊரில் வாய் நிறைய மீன் வைத்திருப்பவரிடம் போய் மீன் எப்படி இருக்கிறது என்று கேட்கிறார்கள், உங்கள் ஊரில் வாய் நிறையச் சோளக்களி வைத்திருப்பவரிடம். இரண்டு நாட்டிலும் இதுவரை ஒருவரும் நன்றாக இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பாட்டு விஷயத்தில் உங்கள் ஆட்கள் செய்வது அநியாயம். அக்கார்டியனும் முரசும் முக்கோணமும் வாசிக்கிற மூன்று கிழவர்களை அரை நிமிடம் காட்டிவிட்டு, ஜிகினாச் சட்டைக்காரன் ஒருவன் காதலி விட்டுப்போன கதையை ஒரு மணி நேரம் பாடுவதைக் காட்டினார்கள். அத்தான் இருந்திருந்தால் பெட்டியை உடைத்திருப்பார்.

ஆட்டம் எனக்குப் பிடித்திருந்தது. ஜோடி ஜோடியாகப் போகிறார்கள், நடத்துகிறவர் "மழை வருது!" என்று கத்தினால் எல்லோரும் திரும்பி ஓடுகிறார்கள். "பொய்!" என்றதும் ஆரவாரத்தோடு மறுபடி முன்னால் வருகிறார்கள். "பாம்பு!" என்கிறார், பெண்கள் எல்லாம் துள்ளுகிறார்கள். "பொய்!" என்கிறார். ஒவ்வொரு தடவை அவர் பொய் என்று கத்தியபோதும் காஸ்பார் என் முழங்காலைத் திரும்பிப் பார்த்தான். அவன் மாமியாருக்கு ஏற்ற மருமகன்.

பிறகு ஒன்று காட்டினார்கள். மேலே பறக்கிற கருவி ஒன்றை வைத்து ஊரை உயரத்திலிருந்து எடுத்திருந்தார்கள். மேடை, கூட்டம் எல்லாம் ஒரு பக்கம் போய்விட்டது. வெறும் தெருக்கள். தெருத் தெருவாக, வீட்டுக்கு வீடு, வாசலில் ஒரு சின்ன நெருப்பு. பாட்டும் இல்லை, பேச்சும் இல்லை. எங்கள் தொலைக்காட்சியிடம் அந்த மாதிரி ஒன்று இல்லை, ஒப்புக்கொள்கிறேன். நான் காஸ்பாரிடம் நிறுத்தச் சொன்னேன். "என்ன தேடறீங்க?" என்றான். மாதா கோவில் எங்கே, பஸ் நிலையம் எங்கே என்று நீ முன்பு கடிதத்தில் வரைந்து காட்டியதை வைத்து உன் தெருவைத் தேடினேன். வரிசையாக நெருப்பு எரிகிற தெருவில் ஒரு வாசல் மட்டும் இருட்டாக இருந்தால் அதுதான் உன் வீடு. பெரிதாக்கச் சொன்னேன், படம் கலங்கிப்போயிற்று. நான்கைந்து இடத்தில் இருட்டாக இருந்தது. எது உன்னுடையது என்று தெரியவில்லை. காஸ்பார் காப்பி போட்டுக் கொண்டுவந்தான்.

ஆகவே தீர்ப்பு இதுதான்: சுத்தியலுக்கும் மீனுக்கும் நாங்கள், நெருப்புக்கு நீங்கள். இதற்கு மேல் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இப்போது நீ இராயப்பருக்கு நானே கொளுத்திக்கொள்கிறேன் என்கிறாய். நம் ஊரில் இராயப்பர் மீனவர்களுக்கு. ஆற்றுக்கு அக்கரையில் படகுக்குப் படகு கொடி கட்டி அவரைத் தூக்கிக்கொண்டு போவார்கள். உங்கள் ஊரில் அவர் விதவைகளுக்காம், அவர் திருநாளுக்கு முந்தைய மாலை, இருபத்தெட்டாம் தேதி, விதவைகள்தான் தங்கள் வாசலில் நெருப்பு மூட்டுவார்களாம். மூட்டு, வேண்டாம் என்று சொல்லவில்லை. நான் வர முடியாததற்குக் காரணம் உனக்கே தெரியும். முழங்காலை மடக்கிக்கொண்டு எட்டு மணி நேரம் விமானத்தில் உட்கார்ந்தால் பிறகு என்னைப் பிரித்துத்தான் இறக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அது போக விமானம் லிஸ்பன் வழியாகத்தான் போகிறது, அந்த ஊரில் இறங்க என் மனம் ஒப்பாது. செடிக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லை. எர்மெலிண்டாவிடம் சாவி கொடுத்தால் பாட்டு உண்மையாகிவிடும். மாடி ஆசிரியையிடம் சொல்லித் தொலைபேசியில் என் முகத்தை வாசலில் காட்டச் சொல். நீ தீக்குச்சி கிழிக்கும்போது நான் இங்கிருந்து ஊதிவிடுகிறேன்.

கிளிக்கு என் விசாரிப்பைச் சொல். மூட்டு வலிக்கு எண்ணெய் தடவு, ஈரத்தரையில் செருப்பில்லாமல் நிற்காதே. காணாமல் போன பொருளை அந்தோணியாரும், உடம்புச் சூட்டை அருளப்பரும், வாசல் சாவியை இராயப்பரும் பார்த்துக்கொள்ளட்டும். உன் கோபத்தை மட்டும் அவர்களிடம் கொடுக்காதே, அதை நானே வாங்கிக்கொள்கிறேன்.

வணக்கத்துடன்,
உன் தம்பி
அடெலினோ

பின்குறிப்பு: இதை அஞ்சல் அலுவலகத்துக்குக் கொண்டு போனேன். சன்னலில் இருந்த பெண் எடை போட்டுவிட்டு, போய்ச் சேர மூன்று வாரம் ஆகலாம் என்றாள். "அவசரமாப் போகணும்னா?" என்றேன். "அவசரம்னா நீங்களே கொண்டு போங்க ஐயா" என்றாள். எரிச்சலில் சொன்னாளா, அக்கறையில் சொன்னாளா தெரியவில்லை. எர்மெலிண்டாவிடம் சாவியைக் கொடுத்துவிட்டேன். லிஸ்பனில் இரண்டு மணி நேரம் இருந்தேன், காப்பி மோசமில்லை.

முழங்காலில் ஒன்றும் இல்லை அக்கா. இடதிலும் இல்லை, வலதிலும் இல்லை. எந்த மருத்துவரும் எதையும் சொல்லவில்லை. அம்மாவை அடக்கம் செய்த அன்று உன்னைப் பார்த்தது, பத்தொன்பது வருடம் ஆகிறது. அத்தான் இல்லாத வீட்டில் நீ தனியாக வந்து கதவைத் திறப்பதைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. வேறு ஒரு கிழவி வந்து திறந்து, அது நீதான் என்று எனக்குத் தெரியாமல் போய்விடுமோ என்று அதைவிடப் பயமாக இருந்தது. அவ்வளவுதான் என் வியாதி.

இதை உன் வீட்டுக்கு எதிர்ப்பக்கத்து பேக்கரியில் உட்கார்ந்து எழுதுகிறேன். மணி நாலரை, தேதி இருபத்தெட்டு. சற்று முன் நீ வெளியே வந்தாய். சிறுத்துப்போயிருக்கிறாய், முடி முழுக்க வெள்ளை. குனிந்து விறகை மாற்றி அடுக்கினாய். ஒரு கட்டை உருண்டு ஓடியது, அதை என் பெயர் சொல்லித் திட்டினாய். விறகுக் கட்டையை அப்படித் திட்டுகிறவள் இரண்டு நாட்டிலும் ஒருத்திதான். உடனே தெரிந்துவிட்டது.

பேக்கரிக்காரரிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்து அனுப்புகிறேன். நீ முழுவதும் படித்து முடிக்கும் வரை மஞ்சள் கட்டம் போட்ட சட்டையோடு இங்கேயே நிற்பேன், தெருவைத் தாண்டி வர மாட்டேன். பெட்டியில் வைத்திருந்த தீப்பெட்டிகளை விமான நிலையத்தில் எடுத்துவிட்டார்கள். வரும்போது வீட்டிலிருந்து ஒன்று எடுத்துக்கொண்டு வா.